அழிக்கப்பட்ட ஆட்சியாண்டும் புறவரலாறும்: மிங் அரசமரபை மாற்றி எழுதிய சீன நாவல் ஒன்றை முன்வைத்து

திறவுச்சொற்கள்: மாற்று வரலாறு, புறவரலாறு, ஆட்சியாண்டு, மிங் அரசமரபு, வரலாற்றுப் புதினம்

முன்னுரை

வரலாற்றுப் புதினம் ஒன்றை மதிப்பிடும்போது தமிழாய்வு முதலில் எழுப்பும் வினா, கதை சான்றுகளோடு பொருந்துகிறதா என்பதே. ஆதித்த கரிகாலன் கொலையைச் சுற்றிப் புனையப்பட்ட கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950-1954) உடையார்குடிக் கல்வெட்டோடு ஒப்பிட்டுப் பேசப்படுவது இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. நடந்ததற்கும் எழுதப்பட்டதற்கும் உள்ள இடைவெளி குறைந்தால் புதினம் நம்பகமானது. மிகுந்தால் அது திரிபு. சான்றுகளின் இடைவெளியை நிரப்பும் புதினத்திற்கு இவ்வளவுகோல் ஏற்றது. ஆனால் சான்றுகளை நன்கறிந்தே அவற்றிலிருந்து விலகி, நடவாத ஒரு காலத்தைக் கட்டியெழுப்பும் புனைவும் உண்டு. மாற்று வரலாறு எனப்படும் அவ்வகைக்கு இவ்வளவுகோலைப் பொருத்தினால், எல்லாப் படைப்புகளும் ஒரே தீர்ப்பைப் பெறும். அவற்றிடையே நல்லதும் அல்லதும் பிரிக்க வழியிராது.

மாற்று வரலாற்றை மேலைநாட்டு அறிவியல் புனைகதையின் அண்மைக்காலக் கிளையாகவும், தெய்வங்களும் மாயங்களும் அதில் கலந்துவிட்டால் வெறும் பொழுதுபோக்காகவும் கருதும் போக்கு உள்ளது. இவ்விரு கருத்துகளும் திருத்தத்திற்குரியன. சீனத்தில் சிங் அரசமரபின் காங்ஷி பேரரசர் காலத்தில், 1711இல் அச்சேறிய 'நுய்சியன் வாய்ஷி' என்னும் நூறு இயல்கள் கொண்ட நாவல் இதற்குச் சான்று. 'தெய்வப் பெண்ணின் புறவரலாறு' என இத்தலைப்பைத் தமிழாக்கலாம். இதன் ஆசிரியர் லூ சியோங். முந்தைய மிங் அரசமரபில் நிகழ்ந்த ஓர் அரியணைக் கவர்வை ஏற்க மறுத்து, அதற்கு மாறான கால்நூற்றாண்டு வரலாற்றை இந்நாவல் படைக்கிறது.

மாற்று வரலாறு சான்றிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது இரண்டாம்பட்சம். எங்கே விலகுகிறது, அவ்விலகலை ஒப்புக்கொள்கிறதா, விலகியதன்வழி யாரை மீட்டு யாரை மறக்கிறது என்பனவே அதை மதிப்பிடும் வினாக்களாக அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

நாட்காட்டியில் எழுதப்பட்ட புனைவு

மிங் அரசமரபை 1368இல் நிறுவிய ஜூ யுவான்ஜாங் 1398இல் இறந்தார். அவருடைய ஆட்சிப்பெயர் ஹோங்வு. மூத்த மகன் 1392இலேயே இறந்துவிட்டமையால் பேரன் ஜூ யுன்வென் அரியணை ஏறினார். 1399 முதல் ஜியன்வென் என்னும் ஆட்சிப்பெயர் வழக்கிற்கு வந்தது. சிற்றரசர்களாகப் படைவலிமையோடு இருந்த தம் சிறிய தந்தையரின் அதிகாரத்தைக் குறைக்க இளம் பேரரசர் முற்பட்டார். அவர்களுள் ஒருவரும், இன்றைய பெய்ஜிங்கைத் தலைமையிடமாகக் கொண்டு வடபுலத்தை ஆண்டவருமான ஜூ டி, தீய அமைச்சர்களை அகற்றி இடர் தீர்ப்பதாகக் கூறி 1399இல் படையெடுத்தார். 1402 ஜூலையில் தலைநகர் நான்ஜிங் வீழ்ந்தது. அரண்மனை தீப்பற்றி எரிந்தது. தீயில் கிடந்த உடல் பேரரசருடையதே என அறிவிக்கப்பட்டது. ஆயினும் அவர் துறவி வேடத்தில் தப்பினார் என்னும் செய்தி மக்களிடையே நிலைத்துவிட்டது. அரியணை ஏற்பு ஆணையை எழுத மறுத்த அறிஞர் ஃபாங் ஷியாவ்ரூ கொல்லப்பட்டார். அவருடைய உறவினரும் மாணவரும் உடன் கொல்லப்பட்டனர்.

ஜூ டி யோங்லெ என்னும் ஆட்சிப்பெயரோடு ஆளத் தொடங்கினார். ஆனால் அதற்கு முன்பே காலக்கணக்கில் கைவைத்துவிட்டார். ஜியன்வென் என்னும் ஆட்சிப்பெயர் நீக்கப்பட்டது. ஜியன்வென் நான்காம் ஆண்டாகிய 1402, ஹோங்வு முப்பத்தைந்தாம் ஆண்டு எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஹோங்வு முப்பத்தோராம் ஆண்டில் இறந்துபோன ஒருவர் மேலும் நான்கு ஆண்டுகள் ஆண்டதாக நாட்காட்டி கூறலாயிற்று.

இம்மாற்றத்தின் கனத்தைத் தமிழ்க் கல்வெட்டுகளோடு பழகியோர் எளிதில் உணர்வர். 'யாண்டு' என்னும் சொல்லோடு எந்த மன்னனின் பெயர் வருகிறது என்பதைக் கொண்டே ஓர் ஊர் அக்காலத்தில் யாருடைய ஆட்சியை ஏற்றிருந்தது என நாம் முடிவுசெய்கிறோம். ஆட்சியாண்டு காலத்தை அளப்பதோடு அமைவதில்லை. அது இறைமையை ஒப்புக்கொள்ளும் கையொப்பமும் ஆகும். ஒரு மன்னரின் யாண்டை நீக்குவது, அவரை அரசராகக் கருதிய ஒவ்வொரு ஆவணத்தையும் பொய்யாக்குவதாகும்.

ஆவணங்களும் தப்பவில்லை. முதற்பேரரசரின் ஆட்சியைக் கூறும் 'மெய்ப்பதிவுகள்' ஜியன்வென் காலத்தில் தொகுக்கப்பட்டிருந்தன. யோங்லெ காலத்தில் அவை இருமுறை திருத்தி எழுதப்பட்டன. இறுதி வடிவம் 1418இல் நிறைவுற்றது. ஜியன்வென் ஆட்சிக்குத் தனியே மெய்ப்பதிவுகள் இல்லை. அந்நான்கு ஆண்டுகளின் நிகழ்வுகள், அவரை வீழ்த்தியவரின் பதிவேட்டில் முன்னுரை போலச் சேர்க்கப்பட்டுள்ளன. நீக்கப்பட்ட ஆட்சிப்பெயர் வான்லி பேரரசர் காலத்தில், 1595இல்தான் மீட்கப்பட்டது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சீனத்தின் அரசு ஆவணங்கள் நடவாத ஒரு காலவரிசையைச் சுமந்திருந்தன.

இதிலிருந்து பெறப்படுவது ஒன்று. மிங் வரலாற்றின் இப்பகுதிக்கு முதல் மாற்று வரலாற்றை எழுதியவர் நாவலாசிரியர் அல்லர், அரசு. இறந்தவரை ஆளவைத்து, ஆண்டவரை இல்லாமலாக்கியது அரசின் எழுதுகோல். அது தன்னை மெய்ப்பதிவு என்று அழைத்துக்கொண்டது.

ஆளில்லா அரியணை

இந்தப் பின்னணியில் லூ சியோங்கின் நாவலைப் படிக்க வேண்டும். கதை வானுலகில் தொடங்குகிறது. நிலவின் தெய்வமகள் சாங்-அவை விரும்பிய ஓநாய் விண்மீன் அவளைக் கவர முயல்கிறது. அப்பகை மண்ணுலகில் தொடர்கிறது. விண்மீன் ஜூ டியாகவும், தெய்வமகள் ஷான்டோங் பகுதியில் தாங் சாய்அர் என்னும் பெண்ணாகவும் பிறக்கின்றனர். தாங் சாய்அர் வரலாற்றில் வாழ்ந்தவள். 1420இல் ஷான்டோங்கில் ஒரு கிளர்ச்சியை வழிநடத்தியவள். அவளைக் 'புத்த அன்னை' எனப் பின்பற்றுவோர் போற்றினர். அக்கிளர்ச்சி சில மாதங்களில் ஒடுக்கப்பட்டது. நாவலில் அவளுடைய போராட்டம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்தள்ளப்பட்டு, நான்ஜிங் வீழ்ச்சியோடு இணைக்கப்படுகிறது. தாயத்துகளும் மாயப்படைகளும் பெண்தெய்வங்களும் துணைநிற்க அவள் ஜினான் நகரைக் கைப்பற்றி அங்கு அரசவை அமைக்கிறாள்.

அவள் தன்னைப் பேரரசி என அறிவித்துக்கொள்வதில்லை. பேரரசரின் ஆசிரியர் என்னும் தகுதியோடு நின்று, காணாமற்போன ஜியன்வென்னின் பெயரால் ஆட்சி நடத்துகிறாள். அவருக்காக அரண்மனை எழுப்பப்படுகிறது. அவரைத் தேடித் தூதர் செல்கின்றனர். உயிர்நீத்த அமைச்சர்களுக்குச் சிறப்புகள் செய்யப்படுகின்றன. ஆவணங்கள் அனைத்தும் ஜியன்வென் ஆட்சியாண்டால் தேதியிடப்படுகின்றன. நந்தியம்பதியில் பாதுகையை வைத்து ஆண்ட பரதனைத் தமிழ் வாசகர் இங்கு நினைவுகூரலாம். வேறுபாடு என்னவெனில், இராமன் மீண்டு வருகிறான். துறவியாய் அலையும் ஜியன்வென் அந்த அரியணையில் அமர்வதேயில்லை.

நாவலின் மாய நிகழ்ச்சிகளில் மட்டும் கவனம் செலுத்துவோர் இம்மையத்தைத் தவறவிடுவர். யோங்லெ செய்தது, ஆள் இல்லாத ஓர் ஆட்சியாண்டை நீட்டித்தது. லூ சியோங் செய்வதும் ஆள் இல்லாத ஓர் ஆட்சியாண்டை நீட்டிப்பதே. கவர்ந்தவரின் கருவியையே எடுத்து அவருக்கு எதிராகத் திருப்புகிறது நாவல். இருவருக்கும் இடையிலான வேறுபாடு, தாம் செய்வதற்கு அவர்கள் இட்ட பெயரில் உள்ளது. ஒருவர் மெய் என்றார். மற்றவர் 'வாய்ஷி', அதாவது புறவரலாறு, என்றார். அரசவையின் வரலாற்று மனைக்கு வெளியே நிற்கும் எழுத்து என்பதை நாவல் தன் தலைப்பிலேயே ஒப்புக்கொள்கிறது.

விலகலிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. தெய்வமகள் வெல்லும் போர்கள் பல; ஆயினும் பேரரசு மீட்கப்படுவதில்லை. வரலாற்றில் யோங்லெ 1424இல் வடபுலப் படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில் இறந்தார். நாவலும் அந்த இறப்பை வந்தடைகிறது. அவருக்குப் பின் அவர் மகன் அரியணை ஏறுகிறார். தாங் சாய்அர் நிலவுக்கு மீள்கிறாள். இடையில் ஓடிய மாற்றுக்காலம் பதிவுசெய்யப்பட்ட காலத்தில் கலந்து மறைகிறது. தான் மாற்றாதவற்றுக்கு நாவல் கடன்பட்டிருக்கிறது. தமிழ் இலக்கணம் அகப்பாடலுக்குக் கூறிய நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் பாகுபாட்டைச் சற்று விரித்துப் பொருத்தினால், இரண்டும் கலந்தும் தம் எல்லை இழக்காத புனைவு இது எனலாம்.

காலிக் கல்வெட்டு

இந்த ஆட்சியாண்டுச் சிக்கல் தமிழாய்வுக்குத் தொலைவானதன்று. இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள மும்மொழிக் கல்வெட்டை நாம் அறிவோம். யோங்லெ பேரரசர் அனுப்பிய செங் ஹெயின் கப்பற்படையோடு தொடர்புடைய இக்கல்வெட்டில், சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் அளிக்கப்பட்ட காணிக்கைகளைக் கூறுகிறது. சீனப் பகுதி தரும் காலம் யோங்லெ ஏழாம் ஆண்டு, அதாவது 1409. லூ சியோங்கின் நாவல் பின்பற்றும் கணக்கின்படி அதே ஆண்டு ஜியன்வென் பதினோராம் ஆண்டாகும்.

தொடர்பு இதனோடு முடியவில்லை. சிங் காலத்தில் தொகுக்கப்பட்டு 1739இல் நிறைவுற்ற அதிகாரப்பூர்வ 'மிங் வரலாறு', செங் ஹெயின் பயணங்களுக்கான காரணங்களுள் ஒன்றாக, ஜியன்வென் கடல்கடந்து தப்பியிருக்கலாம் என்னும் யோங்லெயின் ஐயத்தைக் குறிப்பிடுகிறது. வாணிகம், தூதுறவு, வலிமைக் காட்சி ஆகியவற்றோடு ஒப்பிடுகையில் இக்காரணம் எவ்வளவு எடையுடையது என்பது வரலாற்றாய்வாளர் விவாதித்துவரும் செய்தி. ஆயினும், இறந்துவிட்டார் என அரசே அறிவித்த ஒருவரை அதே அரசு தேடியதாக அரசவை வரலாறு எழுதிவைத்திருப்பது கருதத்தக்கது. நாவலில் தூதர் ஜியன்வென்னைத் தேடி அலைவது வெறுங்கற்பனை எனில், அக்கற்பனையில் அதிகாரப்பூர்வ வரலாற்றுக்கும் பங்குண்டு. நாம் தமிழ் எழுத்துச் சான்றாக மட்டும் படித்துவரும் ஒரு கல், அழிக்கப்பட்ட ஓர் ஆட்சியாண்டின் மீது எழுந்து நிற்கும் கல்லும் ஆகும்.

குறைதீர்க்கும் மரபு

'நுய்சியன் வாய்ஷி' தனித்த படைப்பன்று. 1321-1323 காலத்தில் அச்சான மூன்று நாடுகளின் பேச்சுவழக்குக் கதைநூல், கீழுலக நீதிமன்றத்தில் தொடங்குகிறது. ஹான் அரசமரபின் நிறுவனரால் வஞ்சிக்கப்பட்ட மூன்று படைத்தலைவர்கள் அங்கே முறையிட்டு, அப்பேரரசைப் பங்கிடும் மூவராக மறுபிறவி பெறுகின்றனர். மிங் இறுதிக்காலத்தில் தோங் யுவே எழுதிய 'ஷியோவ் பூ' என்னும் நாவலில், குரங்கு வீரன் சுன் வூகோங் கீழுலக நடுவனாக அமர்ந்து, சோங் அரசமரபின் படைத்தலைவர் யுவே ஃபெயின் சாவுக்குக் காரணமான அமைச்சர் சின் ஹுயியைத் தண்டிக்கிறான். 19ஆம் நூற்றாண்டில் சோவ் லெசிங் எழுதிய எட்டு நாடகங்களின் தொகுதி இன்னும் வெளிப்படையானது. அதில் யுவே ஃபெய் பகைவரை வெல்கிறார். சூ யுவான் உயிர்மீட்கப்படுகிறார். வானம் பிளந்தபோது தெய்வம் அதனைக் கல்லால் அடைத்த தொன்மத்தை ஒட்டி, 'வானை அடைக்கும் கற்கள்' என்பதே தொகுதியின் பெயர்.

இவை அனைத்திலும் விலகல் நிகழும் இடம் ஒன்றே: பதிவுசெய்யப்பட்ட வரலாறு முறைவழங்கத் தவறிய இடம். ஐரோப்பியப் பாணி மாற்று வரலாறு பெரும்பாலும் 'இந்தப் போரில் மற்றவர் வென்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்' என விளைவை ஆராய்கிறது. இச்சீன மரபு 'என்ன நிகழ்ந்திருக்க வேண்டும்' என்று முறையை ஆராய்கிறது. அதனால்தான் இங்குத் தெய்வங்கள் தேவைப்படுகின்றன. மறுபிறவியும் கீழுலக மன்றமும் அலங்காரங்கள் அல்ல. அரசவைக்கு மேற்பட்ட ஒரு முறையீட்டு மன்றம் உண்டு என்பதற்கான கதைவடிவங்கள். மிகுபுனைவை நீக்கிவிட்டு 'கருத்தை' மட்டும் எடுத்துக்கொள்ளும் வாசிப்பு, இம்மரபில் கருத்தையே இழந்துவிடும்.

மீட்பும் மறப்பும்

இந்நாவலைப் போற்றுவதோடு நிறுத்திக்கொண்டால் ஆய்வு முழுமையடையாது. வரலாற்றுத் தாங் சாய்அர் ஜியன்வென்னுக்காகப் போரிட்டாள் என்பதற்குச் சான்றில்லை. 1420இன் கிளர்ச்சிக்குப் பின்னணியில் இருந்தவை பசியும், புதிய தலைநகர் பெய்ஜிங்கின் கட்டுமானம் உள்ளிட்ட பணிகளுக்கான கட்டாய உழைப்பும். அவளைப் பின்பற்றியோர் உழவர். அவள் பிடிபடவில்லை. தலைமயிர் மழித்துப் பெண்துறவியர் நடுவே மறைந்திருக்கக்கூடும் என ஐயுற்ற யோங்லெ அரசு, புத்த, தாவோ சமயப் பெண்துறவியரைத் திரளாகப் பிடித்து விசாரித்தது. அவர்களுடைய பெயர்கள் நம்மிடம் இல்லை.

லூ சியோங்கின் நாவல் இந்தப் பெண்ணுக்கு வானுலகப் பிறப்பும் படையும் அரசவையும் தருகிறது. ஆனால் அவளுடைய சொந்தக் காரணத்தைப் பறித்துக்கொள்கிறது. உழவரின் பசி, அரண்மனைக்குள் நடந்த வாரிசுரிமை வழக்காக மாறிவிடுகிறது. எளிய குலத்துப் பெண் நிலவின் தெய்வமானதும் அவளை எழச்செய்த மண் கதையிலிருந்து விலகிப்போகிறது. அழிக்கப்பட்ட ஓர் அரசரின் யாண்டை மீட்கும் முயற்சியில், ஆண்டே இல்லாத மக்கள் இன்னொரு முறை அழிக்கப்படுகின்றனர். மிங் வீழ்ந்து சிங் ஆண்ட காலத்தில், இழந்த அரசமரபின் முறைமையைப் பற்றிக் கவன்ற ஓர் அறிஞரின் பார்வை எட்டக்கூடிய எல்லை இது. இக்குறையைச் 'சான்றோடு பொருந்தாமை' என்னும் பழைய அளவுகோல் கண்டுகொள்ளாது. நிலவிலிருந்து வந்தவள் என்பதையும் ஜியன்வென்னுக்காகப் போரிட்டாள் என்பதையும் அது ஒரே வகைப் பிழையாக எண்ணிவிடும். முன்னது யாரையும் ஏமாற்றாத கற்பனை. பின்னதோ ஒரு மக்கள்திரளின் குரலை இன்னொருவர் கணக்கில் எழுதுவது.

இதே அரசமரபை எடுத்துக்கொண்டு ஷெல்லி பார்க்கர்-சான் 2021இல் வெளியிட்ட 'ஷீ ஹூ பிகேம் த சன்' என்னும் ஆங்கில நாவலோடு இதனை ஒப்பிடுவது பயன்தரும். வரலாற்றின்படி ஜூ யுவான்ஜாங் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் குடும்பத்தை இழந்து துறவிமடம் சேர்ந்த உழவர் மகன். இந்நாவலில் அம்மகன் 1345இல் இறந்துபோகிறான். அவனுடைய தங்கை அவன் பெயரையும் அவனுக்கு விதிக்கப்பட்ட பெருமையையும் தனதாக்கிக்கொள்கிறாள். ஆட்சியுரிமை என்னும் வான்கட்டளை கண்ணுக்குத் தெரியும் ஒளியாக இங்கு உருவம் பெறுகிறது. பதிவேட்டில் உள்ள பெயர் மாறவில்லை. அப்பெயருக்குள் இருப்பவர் மாறுகிறார். பஞ்சத்தில் பெண்குழந்தைகளே முதலில் உணவிழக்கும் ஊரிலிருந்து கதை தொடங்குவதால், லூ சியோங் விட்டுச்சென்ற பசி இங்கு மீண்டும் வரலாற்றுக் காரணமாகிறது. இவ்விரு நாவல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போதே, மாற்று வரலாறு என்பது ஒரே நோக்கமுடைய வகைமை அன்று என்பது விளங்கும்.

மறுப்பும் விடையும்

வரலாற்றுணர்வு உறுதிப்படாத வாசகரிடையே இத்தகைய புனைவு குழப்பம் விளைவிக்கும் என்னும் மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. சீனத்திலேயே, அண்மைக்கால இணைய நாவல்களில் 'ஜியாகோங்', அதாவது தாங்கலின்றி அந்தரத்தில் கட்டுதல், என்னும் பெயரில் கற்பனை அரசமரபுகள் பெருகியுள்ளன. நிகழ்காலத்தவர் பழைய அரண்மனைகளுக்குச் செல்லும் காலப்பயணத் தொலைக்காட்சித் தொடர்கள் வரலாற்றை மதிக்கவில்லை என 2011இல் அந்நாட்டு வானொலி, திரைப்பட, தொலைக்காட்சி நிர்வாகம் கண்டித்தது.

ஆனால் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். தலைப்பிலேயே தன்னைப் புறவரலாறு என்று கூறிக்கொள்ளும் நூலைப் படித்து ஏமாறுவோர் சிலராகவே இருப்பர். 'மெய்ப்பதிவுகள்' என்று தலைப்பிட்ட நூலைப் படித்து ஏமாறுவோர் பலர். ஏனெனில் ஐயுறுவதற்கான வாயிலையே அது அடைத்துவிடுகிறது. நம்மிடையேயும், சான்றற்ற தொன்மைக் கணக்குகள் ஆய்வு என்னும் பெயரோடு உலவுகின்றன. அவற்றை எழுதுவோர் புனைவென்று அறிவித்துக்கொண்டிருந்தால் அவற்றுள் சில நல்ல இலக்கியமாகவும் அமைந்திருக்கக்கூடும். புனைவு என்ற ஒப்புதலை மறைப்பதே அவற்றின் குற்றம். மாற்று வரலாற்றைத் திரிபோடு ஒரே பட்டியலில் சேர்க்கும் திறனாய்வு, திரிபுக்கு மறைவிடம் அளிக்கிறது.

முடிவுரை

மாற்று வரலாற்றுப் புனைவை அணுகும் தமிழாய்வு மூன்று வினாக்களை முன்வைக்கலாம். தான் விலகும் இடத்தை நூல் காட்டுகிறதா? தான் மாற்றாத செய்திகளுக்கு உண்மையாக இருக்கிறதா? விலகலின் பயனாக யார் மீட்கப்படுகின்றனர், யார் மறக்கப்படுகின்றனர்? முதலிரண்டு வினாக்களுக்கும் லூ சியோங்கின் நாவல் உறுதியாக விடையளிக்கிறது. மூன்றாம் வினாவில் ஒரு பாதியை மட்டுமே வெல்கிறது.

இவ்வினாக்கள் புனைவுக்கு மட்டும் உரியன அல்ல. அரசு ஆவணங்களையும் மெய்க்கீர்த்திகளையும் கல்வெட்டுக் காலக்கணக்குகளையும் படிக்கும்போதும் இவற்றைக் கேட்கலாம். ஹோங்வு முப்பத்தைந்து என்று தேதியிட்ட ஓர் ஆவணம் கையில் கிடைத்தால் அதன் எழுத்தமைதியையும் தாளையும் மையையும் ஆராய்ந்து, அது உண்மையான ஆவணம் என்று நாம் சான்று வழங்குவோம். அச்சான்று பிழையன்று. ஆனால் அந்த ஆண்டில் ஹோங்வு உயிரோடு இல்லை என்பதையும் அதே குறிப்பில் எழுதிவைக்கும் கடமை ஆய்வாளருக்கு உண்டு.